ஒரு பந்தயம், இரண்டு கட்சி: அமெரிக்க ரேஸ் ரசிகர்களை 12 ஆண்டுகள் பிரித்துவைத்த சண்டை!

2008 ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது வார இறுதி. அமெரிக்காவின் 'இண்டிகார்' கார் பந்தயத் தொடரில் அந்த வாரம் ஒரு விநோதம் நடந்தது. ஒரே சாம்பியன்ஷிப்புக்கு இரண்டு பந்தயங்கள். ஒன்று ஜப்பானின் மோட்டேகியில். இன்னொன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரத் தெருக்களில். ஒரு பாதி வீரர்கள் அங்கே, மறு பாதி இங்கே. கார்களும் வேறு, இன்ஜினும் வேறு. ஆனால் இரண்டு பந்தயங்களின் புள்ளிகளும் ஒரே பட்டியலில் ஏறின.

மோட்டேகியில் டானிகா பேட்ரிக் ஜெயித்தார். இண்டிகார் பந்தயம் ஒன்றில் ஒரு பெண் வென்றது அதுதான் முதல் முறை. லாங் பீச்சில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் வில் பவர்.

ஏன் இந்தக் குழப்பம்? இரண்டு மாதங்களுக்கு முன்புவரை இவை இரண்டும் எதிரெதிர் தொடர்கள். பிப்ரவரியில்தான் ராசியாகி ஒன்றாகச் சேர்ந்தார்கள். இரண்டு தரப்பும் தேதி குறித்து, ஒப்பந்தம் போட்டு, டிக்கெட்டும் விற்றிருந்த பந்தயங்கள் ஒரே வாரத்தில் மோதிக்கொண்டன. எதையும் தள்ளிவைக்க முடியவில்லை. 'சரி, இரண்டையும் நடத்திவிடுவோம்' என்று முடிவெடுத்தார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகும் இரண்டு வீட்டில் தனித்தனியாக நடந்த விருந்து மாதிரி. இந்த இடத்துக்கு வந்துசேர அவர்களுக்கு 12 ஆண்டுகள் ஆனது. அதற்குள் இரண்டு தரப்பும் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல. 'யார் செய்தது சரி' என்று அமெரிக்க ரசிகர்கள் இன்றும் முட்டிக்கொள்கிறார்கள்.

மோர் குடித்த சாம்பியன்

சக்கரங்கள் உடம்புக்கு வெளியே தெரிகிற, ஒருவர் மட்டும் உட்காரும் கார்களை 'ஓப்பன் வீல்' கார்கள் என்பார்கள். ஃபார்முலா ஒன் கார்களும் இந்த ரகம்தான். அமெரிக்காவில் இந்த வகைப் பந்தயம் என்றாலே இண்டியானாபோலிஸ் நகரம்தான். அங்கே உள்ள மைதானம் 1909-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று இரண்டரை மைல். 200 சுற்று ஓடினால் 500 மைல். 1911-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்குப் பெயரே 'இண்டி 500'. மைதானத்தில் இருக்கைகள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம்.

அங்கே ஜெயித்தவர் ஷாம்பெயின் பீய்ச்சுவதில்லை, பால் குடிப்பார். காரணம், 1936-ல் மூன்றாவது முறையாக வென்ற லூயிஸ் மேயர். வெயிலுக்கு நல்லது என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடி அவர் குடித்தது மோர். அதைப் பார்த்துப் பால் வியாபாரிகள் பாலாக்கிவிட்டார்கள். 1993-ல் வென்ற பிரேசிலின் எமர்சன் ஃபிட்டிபால்டி, தனக்கு ஆரஞ்சுத் தோட்டம் இருப்பதால் முதலில் ஆரஞ்சு ஜூஸைக் குடித்தார். ரசிகர்கள் கூச்சல் போட்டுத் திட்டினார்கள். ஒரு டம்ளர் பாலுக்கே அப்படிக் கோபப்படுகிறவர்கள், பந்தயத்தையே இரண்டாக உடைத்தால் என்ன ஆவார்கள்?

பாகப்பிரிவினை தொடங்கிய இடம்

சண்டைக்கு விதை 1978-லேயே விழுந்துவிட்டது. அப்போது பந்தயங்களை நடத்திய அமைப்பின் மீது அணி உரிமையாளர்களுக்கு அதிருப்தி. 'செலவு செய்வது நாங்கள், முடிவெடுப்பது வேறு யாரோவா?' என்று கேட்டார்கள். ரோஜர் பென்ஸ்கி, பேட் பேட்ரிக் உள்ளிட்ட உரிமையாளர்கள் சேர்ந்து 'கார்ட்' என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1979-ல் அதன் முதல் சீசன். அந்த ஆண்டு இண்டி 500-ல் கார்ட் அணிகளின் நுழைவை மறுக்கப் பார்க்க, அணிகள் கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து ஓட்டின.

அதன்பிறகு 15 ஆண்டுகள் கார்ட்டுக்கு ஏறுமுகம். முட்டை வடிவ ஓவல் மைதானம், வளைந்து நெளியும் தடம், நகரத் தெரு, விமான ஓடுதளம் என்று எல்லா இடத்திலும் பந்தயம். 1992-ல் ஃபார்முலா ஒன் சாம்பியனான நைஜல் மேன்செல், அடுத்த ஆண்டே அமெரிக்கா வந்து கார்ட் பட்டத்தை வென்றார். 1995-ல் இண்டி 500-ஐயும் கார்ட் பட்டத்தையும் வென்ற கனடாவின் ஜாக் வில்னுவ், 1997-ல் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனார். உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு சிக்கல். தொடர் கார்ட்டுடையது. அதன் மணிமகுடமான இண்டி 500 மட்டும் வேறொருவர் வீட்டுச் சொத்து. 1945-ல் டோனி ஹல்மன் என்ற தொழிலதிபர் அந்த மைதானத்தை வாங்கியிருந்தார். 1990 வாக்கில் நிர்வாகம் அவருடைய பேரன் டோனி ஜார்ஜ் கைக்கு வந்தது. 'என் வீட்டுப் பந்தயத்துக்கான விதியை அணி முதலாளிகள் எழுதுவதா?' என்பது அவருடைய கேள்வி. 1994-ல் தனித்தொடர் தொடங்கப்போவதாக அறிவித்தார். 1996 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. பெயர் 'இண்டி ரேசிங் லீக்', சுருக்கமாக ஐ.ஆர்.எல்.

ஒரே நாளில் இரண்டு 500

ஜார்ஜ் போட்ட ஒரு விதிதான் நெருப்பு வைத்தது. இண்டி 500-ல் மொத்தம் 33 கார்கள் ஓடும். யார் வேகமோ அவர்களுக்கு இடம் என்பதுதான் அதுவரை வழக்கம். 1996-ல் அதில் 25 இடங்களை ஐ.ஆர்.எல் தொடரில் ஓடுகிறவர்களுக்கு ஒதுக்கினார். மற்ற எல்லோருக்கும் மீதி எட்டு.

கார்ட் அணிகள் கொதித்துப்போய் புறக்கணித்தன. அத்தோடு நிற்கவில்லை. அதே மே 26-ம் தேதி, மிச்சிகனில் 'யு.எஸ். 500' என்று போட்டிப் பந்தயம் அறிவித்தார்கள். 'நட்சத்திர வீரர்கள் எங்களிடம். பார்ப்போம், கூட்டம் எங்கே வருகிறதென்று!'

அன்று மிச்சிகனில் என்ன ஆனது தெரியுமா? பச்சைக் கொடி விழுவதற்குள் முன்வரிசைக் கார்கள் ஒன்றோடொன்று உரசி, பின்னால் வந்தவையும் மோதி, ஏகப்பட்ட கார்கள் நொறுங்கின. மாற்றுக் கார்களைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினார்கள். அப்படி மாற்றுக் காரில் ஓட்டித்தான் ஜிம்மி வாஸர் ஜெயித்தார். வென்ற கையோடு, 'பால் யாருக்கு வேண்டும்?' என்று கிண்டலாகக் கேட்டார். கார்ட் ரசிகர்களுக்கு அது பஞ்ச் டயலாக்.

இண்டியானாபோலிஸிலும் கொண்டாட்டம் முழுமையாக இல்லை. தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்த ஸ்காட் பிரேட்டன், பந்தயத்துக்கு ஒன்பது நாள் முன்பு பயிற்சியில் மோதி உயிரிழந்தார். 33 பேரில் 17 பேர் முதன்முறை ஓடுகிறவர்கள். வென்றவர் பட்டி லேஸியர். இரண்டு மாதம் முன்பு நடந்த விபத்தில் முதுகெலும்பு முறிந்து, அந்த வலியோடு 500 மைல் ஓட்டினார். 'நட்சத்திரங்கள் இல்லாத இண்டி' என்று ஏளனம் செய்தவர்களுக்கு ஐ.ஆர்.எல் ரசிகர்கள் இன்றும் காட்டுவது லேஸியரைத்தான்.

ஒருவரிடம் பந்தயம் இருந்தது. மற்றவரிடம் பந்தய வீரர்கள் இருந்தார்கள். பாதி பாதியாக வைத்துக்கொண்டு, அது முழுசு என்று இரண்டு பேரும் வாதாடினார்கள்.

ரசிகர்களின் வழக்கு

'இதெல்லாம் அமெரிக்க வீரர்களுக்காகத்தான்' என்பது ஐ.ஆர்.எல் ஆதரவாளர்களின் முதல் வாதம். இண்டியானா பக்கத்து மண் மைதானங்களில் சின்னக் கார் ஓட்டி வளர்கிற பையன், ஒருநாள் இண்டி 500-ல் ஓட்டுவான் என்பது அந்த ஊர்க் கனவு. கார்ட் காலத்தில் பணமும் ஐரோப்பிய அனுபவமும் கொண்டுவந்தவர்களுக்கே இடம் கிடைத்தது என்பது அவர்கள் ஆதங்கம். உதாரணமாக ஜெஃப் கார்டனைச் சொல்வார்கள். ஓப்பன் வீல் கார்களில் வளர்ந்தவர், நாஸ்கார் என்கிற வேறு வகைப் பந்தயத்துக்குப் போனார். 1994-ல் இதே இண்டியானாபோலிஸ் மைதானத்தில் நாஸ்கார் முதல்முறை பந்தயம் நடத்தியபோது, ஜெயித்தவர் அவர்தான். 'நம்ம வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறான்' என்கிற வலி அது. கூடவே செலவு. குறைந்த விலைக் காரும் இன்ஜினும் இருந்தால்தான் சின்ன அணிகள் பிழைக்கும் என்றார்கள்.

கார்ட் ஆதரவாளர்கள் விடுவார்களா? 'திறமைக்குத்தானே பந்தயம்? இட ஒதுக்கீடு எதற்கு?' என்பார்கள். 1997-ல் அந்த விதியே ஜார்ஜுக்குச் சங்கடம் கொடுத்தது. ஒதுக்கீட்டால் வேகமான இரண்டு கார்கள் வெளியே நிற்க, கடைசியில் அவற்றையும் சேர்த்து 35 கார்களை ஓடவிட வேண்டியதாயிற்று. அமெரிக்க வீரர் வாதத்துக்கும் கார்ட் ரசிகர்களிடம் பதில் உண்டு. 1997-ல் ஐ.ஆர்.எல் பட்டம் வென்ற இண்டியானா பையன் டோனி ஸ்டூவர்ட், 1999-ல் நாஸ்காருக்கே போய்விட்டார். 'யாரைத் தக்கவைக்கத் தொடர் தொடங்கினார்களோ, அவரே தங்கவில்லையே?'

வேகத்திலும் ஆளுக்கொரு சாதனை. 1996-ல் ஏரி லூயன்டைக் இண்டியானாபோலிஸில் நான்கு சுற்றுக்குச் சராசரி மணிக்கு 236.986 மைல் வேகத்தில் போனார். நம் கணக்கில் 381 கிலோமீட்டர். அந்த மைதானத்தில் அதை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. கார்ட் தரப்பில் ஜில் டி ஃபெரான், 2000-ல் கலிஃபோர்னியாவின் ஃபான்டானாவில் 241.428 மைல், அதாவது 388 கிலோமீட்டர் வேகம் தொட்டார்.

பெயருக்கும் வழக்கு நடந்தது. 'இண்டிகார்' என்ற பெயர் யாருக்கு? கடைசியில் கார்ட் அந்தப் பெயரை விட்டுக்கொடுத்தது. எதிர்த்தரப்பும் 2002 முடியும்வரை அதைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவானது. கட்சி உடைந்தால் சின்னம் முடங்கும் என்பது நமக்குத் தெரியாததா என்ன! கார்ட் 'சாம்ப் கார்' என்ற பெயருக்கு மாறியது. ஆறேழு ஆண்டுகள், 'இண்டிகார்' என்று பேப்பரில் பார்க்கிற சாதாரண ரசிகருக்கு எது எந்தத் தொடர் என்றே புரியவில்லை. ஊருக்கே தெரிந்த ஒரு பெயரை, இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியில் பூட்டிவைத்ததுபோல ஆனது.

தீராத தீர்ப்பு

புறக்கணிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. காருக்குப் பணம் போடும் விளம்பரதாரர்களுக்கு இண்டி 500 வேண்டும். 2000-ல் சிப் கனாஸியின் கார்ட் அணி இண்டிக்கு வந்தது. அந்த அணியின் கொலம்பிய வீரர் யுவான் பாப்லோ மொன்டோயா, 200 சுற்றில் 167 சுற்று முன்னிலையில் இருந்து அநாயாசமாக வென்றார். அடுத்த ஆண்டு பென்ஸ்கி அணி வந்து வென்றது. 2002-ல் அதே பென்ஸ்கி முழுசாக ஐ.ஆர்.எல் பக்கம் தாவினார். ஆம், கார்ட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே பென்ஸ்கி!

அந்த 2002 பந்தயம்தான் ரசிகர் சண்டையின் உச்சம். கடைசிக்கு முந்தைய சுற்று. பென்ஸ்கியின் ஹீலியோ காஸ்ட்ரோநெவஸ் முன்னால். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. கார்ட் அணியின் பால் ட்ரேசி அவரை வெளிப்பக்கமாக முந்துகிறார். கிட்டத்தட்ட அதே நொடியில் மைதானத்தின் வேறொரு பக்கம் இரண்டு கார்கள் மோத, மஞ்சள் விளக்கு எரிகிறது. மஞ்சள் எரிந்தபின் முந்தக் கூடாது என்பது விதி. முந்தியது முதலிலா, விளக்கு முதலிலா?

அதிகாரிகள் காஸ்ட்ரோநெவஸுக்கு வெற்றி கொடுத்தார்கள். ட்ரேசி அணி மேல்முறையீடு செய்தது. ஜூலை மாதம் அதைத் தள்ளுபடி செய்து தீர்ப்புச் சொன்னவர் டோனி ஜார்ஜ். மைதானமும் அவருடையது, தொடரும் அவருடையது. 'பிரதிவாதியே நீதிபதியா?' என்று கார்ட் ரசிகர்கள் அன்று கேட்டதை இன்னும் நிறுத்தவில்லை. காஸ்ட்ரோநெவஸ் 2021-ல் நான்காவது முறையாக வென்று, இண்டி 500-ஐ அதிக முறை வென்ற மூன்று பேரோடு நான்காமவராகச் சேர்ந்தபோது பழைய புண் திறந்துகொண்டது. அந்த ஒரு நொடி வேறு மாதிரி தீர்ப்பாகியிருந்தால், அவர் கணக்கு மூன்றுதான்.

காலியான கஜானா

2003-ல் ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்களும் கனாஸி உள்ளிட்ட பெரிய அணிகளும் ஐ.ஆர்.எல்-லுக்குப் போய்விட்டன. 1998-ல் கார்ட் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 16 டாலர். 2003-ல் நிறுவனத்தை வாங்க முன்வந்தவர்கள் சொன்ன விலை பங்குக்கு 56 சென்ட். கார்ட் திவாலானது. 2004 ஜனவரியில் கோர்ட்டில் ஏலம். ஜார்ஜும் கேட்டார். ஆனால் தொடரைத் தொடர்ந்து நடத்துவோம் என்ற அணி உரிமையாளர்கள் கெவின் கால்கோவன், ஜெரால்ட் ஃபோர்சைத், பால் ஜென்டிலோஸி கூட்டணிக்கே நீதிபதி கொடுத்தார்.

மேலும் நான்கு ஆண்டுகள் இழுத்தது. பிரான்ஸின் செபாஸ்டியன் பூர்டே 2004 முதல் 2007 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்ப் கார் பட்டம் வென்றார். ஆனால் கடைசி சீசனில் ஒரு பந்தயத்துக்கு 20 கார்கூடச் சேரவில்லை. ஐ.ஆர்.எல் நிலையும் பிரமாதமில்லை. 2006 முதல் அங்கே எல்லாக் காருக்கும் ஒரே ஹோண்டா இன்ஜின்தான். வேறு கம்பெனி யாரும் மிச்சமில்லை. 2005-ல் இண்டி 500-ல் முன்னிலை வகித்த முதல் பெண்ணான டானிகா பேட்ரிக் மட்டுமே அவர்கள் பக்கம் கூட்டத்தைத் திருப்பினார். இந்த இடைவெளியில் அமெரிக்காவின் கார் பந்தய ரசிகர்களை அள்ளிக்கொண்டது நாஸ்கார்.

இதே காலத்தில் இதே மைதானத்தில் நம்மவர் ஒருவரும் பெயர் பதித்தார். ஜார்ஜின் முயற்சியால் 2000 முதல் 2007 வரை ஃபார்முலா ஒன் பந்தயமும் இண்டியானாபோலிஸில் நடந்தது. 2005-ல் டயர் பிரச்னையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய அந்தப் பந்தயத்தில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் புள்ளி எடுத்தது அதுதான் முதல் முறை.

சேர்ந்தார்களா, சேர்த்துக்கொண்டார்களா?

2008 பிப்ரவரியில் ஜார்ஜும் கால்கோவனும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். சாம்ப் கார் அணிகளுக்கு இலவசமாக சேஸி, இன்ஜின் வாடகை ஏற்பாடு என்று ஜார்ஜ் கைகொடுத்தார். 'இணைப்பு' என்று பெயர். ஆனால் கார், இன்ஜின், விதி, அட்டவணை எல்லாம் பெரும்பாலும் ஐ.ஆர்.எல்-லுடையவை. சாம்ப் கார் ரசிகர்களின் குமுறல் இதுதான். 'எங்கள் கார் எங்கே? கிளீவ்லாண்ட் விமான ஓடுதளப் பந்தயம் எங்கே?' லாங் பீச் தப்பித்தது. ரோடு அமெரிக்கா பந்தயம் திரும்பிவர 2016 ஆனது. கிளீவ்லாண்ட் திரும்பவே இல்லை.

ஆனாலும் சில ஆறுதல்கள். இணைந்தபின் நடந்த இரண்டாவது பந்தயத்திலேயே, புதுக் காரில் போதிய பயிற்சிகூட இல்லாமல், 19 வயது கிரஹாம் ரஹால் ஜெயித்தார். அவர் சாம்ப் கார் பக்கமிருந்து வந்த அணிக்காரர். அந்த அணியின் உரிமையாளர்களில் ஒருவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். சண்டைக்காலம் முழுக்க கார்ட், சாம்ப் கார் பக்கமே நின்றவர். பந்தயம் ஒன்றானதைப் பார்த்துவிட்டு அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

போன ரசிகர்கள் உடனே திரும்பவில்லை என்பதுதான் உண்மை. அப்பா கூட்டிப்போய்ப் பழக்கி, பிள்ளை தன் பிள்ளையைக் கூட்டிப்போவது இண்டி 500 வழக்கம். நடுவில் 12 ஆண்டு அறுந்தால், ஒரு தலைமுறையே வேறு விளையாட்டுக்குப் பழகிவிடும். கையெழுத்துப் போட்டு அணிகளைச் சேர்க்கலாம். பழக்கத்தை அப்படிச் சேர்க்க முடியாது. 2016-ல் 100-வது இண்டி 500 நடந்தபோதுதான் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது.

கதையின் கடைசித் திருப்பம் 2019 நவம்பரில் வந்தது. ஹல்மன் குடும்பம் மைதானத்தையும் இண்டிகார் தொடரையும் சேர்த்து விற்றது. வாங்கியவர் ரோஜர் பென்ஸ்கி. 'இந்தச் சொத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே' என்று முதலில் பேச்சைத் தொடங்கியவர் டோனி ஜார்ஜ்தான். 1979-ல் கோர்ட் உத்தரவோடு உள்ளே வந்த அணிகளில் ஒன்றின் முதலாளி, 40 ஆண்டு கழித்து அந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்.

'அப்படியானால் ஜெயித்தது கார்ட்தானே?' என்று ஒரு தரப்பு கேட்கும். 'ஓடுவது எங்கள் தொடர்தானே?' என்று மறு தரப்பு சொல்லும். நியூசிலாந்தின் ஸ்காட் டிக்ஸனின் வெற்றிக் கணக்கைப் பாருங்கள். முதல் வெற்றி 2001-ல் கார்ட்டில். முதல் பட்டம் 2003-ல் எதிர்த்தரப்பான ஐ.ஆர்.எல்-லில். ஒன்றான 2008-ல் இண்டி 500, பட்டம் இரண்டுமே அவருக்கு. 2020-க்குள் மொத்தம் ஆறு பட்டங்கள். அத்தனை வெற்றிகளும் இன்று ஒரே எண்ணாகத்தான் கூட்டப்படுகின்றன. எது எந்தக் கட்சியில் எடுத்தது என்று ஸ்கோர் புத்தகம் பிரித்துச் சொல்வதில்லை. பிரித்துப் பார்க்கிற வேலையை ரசிகர்கள் மட்டும் இன்னும் விடவில்லை.